முப்பத்தொரு சதவீதக் காது

முப்பத்திரண்டு வயதில் ஓய்வு பெற்றவன் போடியில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஒன்பது வருடம் எழுத்தராக இருந்த தொழிலாளர் உதவி மையத்தில் வெள்ளிக்கிழமையோடு என் நாற்காலியை ஒப்படைத்துவிட்டேன். சட்டக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. என்னைவிடப் பத்து வயது சின்னவர்களோடு பெஞ்சில் உட்காரப் போகிறேன். நினைக்க நினைக்க ஒரே பரபரப்பு. மூன்று நாளாகச் சோறு சரியாக இறங்கவில்லை.

மையத்தில் என் இடத்துக்கு வந்திருக்கும் செல்வியும் பிரபுவும் ஒரு வாரமாக என்னைப் பிடுங்கி எடுத்தார்கள். "அண்ணே, ஒங்க அனுபவத்த எழுதிக் குடுத்துட்டுப் போங்க. நீங்க போனப்பறம் நாங்க யாரக் கேப்போம்?" என்ன எழுதுவதென்று எனக்கு ஓடவில்லை. வியாழக்கிழமை காலையில் செல்விக்கு வந்த ஒரு போன் அதை முடிவு செய்தது. குரங்கணிப் பக்கமிருந்து ஒருவர் பேசினார். கால் கொஞ்சம் சாய்வு என்பதால் கடையில் வேலையைவிட்டு நிறுத்திவிட்டார்களாம். செல்வி அன்பாகத்தான் கேட்டாள்.

"கார்டுல எத்தன சதவீதம்ணே போட்ருக்கு? முப்பதா? நாப்பதுக்குக் கீழன்னா வந்து பிரயோசனம் இல்லண்ணே. வீணா ஜீப்புல ஏறி எறங்கி அலையாதீங்க."

நான் எழுந்து ஓடி அவள் கையிலிருந்து போனைப் பிடுங்கினேன். "அண்ணே, நீங்க வாங்க! இன்னைக்கே வாங்க! கார்டு இல்லாட்டியும் வாங்க!" என்று கத்தினேன். செல்வி பயந்தே போய்விட்டாள். பாவம், அவள்மேல் தவறில்லை. அவள் சொன்ன அதே வார்த்தையை, அதே அன்போடு, நான் மூன்று வருடம் சொல்லியிருக்கிறேன். ஆகவே எழுத வேண்டியது என்ன என்று அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. முத்தையா அண்ணனைப் பற்றி எழுதுகிறேன்.

என் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் விடிவதற்கு முன்பே ஜீப்பில் தொற்றிக்கொண்டு மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போகிறவர்கள். நான் பி.காம். முடித்துவிட்டு உதவி மையத்தில் சேர்ந்தபோது, "உக்காந்து எழுதுறதெல்லாம் ஒரு சோலியாடா?" என்று அம்மா கேட்டாள். முதல் மூன்று வருடம் அப்படித்தான் இருந்தது. பென்ஷன் மனு, பேர் திருத்தம், வருங்கால வைப்பு நிதிப் படிவம், மாற்றுத்திறனாளி அடையாள அட்டை. எழுதி எழுதிக் கையெழுத்து அழகானது. வேறு பெரிதாக ஒன்றும் கற்றுக்கொண்டதாக நினைவில்லை.

மையத்தை நடத்தியவர் தமயந்தி மேடம். சிலமலை விவசாயக் குடும்பத்துப் பெண், வக்கீல், அப்போது நாற்பது வயதிருக்கும். வந்தவர்களை எதிரே உட்கார வைத்து அவர் பேசியதே இல்லை. தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அவர்கள் பக்கத்தில் போட்டு உட்காருவார். கையில் வறுகடலைப் பொட்டலம் இருக்கும். கேட்கக் கேட்கக் கொறிப்பார். மெல்லுவதை நிறுத்திவிட்டால் விஷயம் முக்கியம் என்று அர்த்தம். என்னைச் சாதாரணமாக "அப்பு" என்பார். கோபம் வந்தால் "சார்" என்பார்.

மனு எழுத அவரிடம் ஒரு முறை உண்டு. வந்தவர் தன் வாயால் சொன்னதை நீல மையில் எழுத வேண்டும். காகிதத்தில் இருப்பதையும் நாமே கண்ணால் பார்த்ததையும் கறுப்பு மையில் எழுத வேண்டும். சேர்ந்த புதிதில், "மேனேஜர் இவரை அவமானப்படுத்தினார்" என்று எழுதிக் கொண்டுபோய் நீட்டினேன்.

"அவமானம்னு இவரு சொன்னாரா?"

"இல்ல மேடம்."

"எதுலயாச்சும் எழுதிருக்கா?"

"இல்ல மேடம். எனக்குத் தோணுச்சு."

"ஒனக்குத் தோணுனதுக்கு நம்ம ஆபீசுல மை இல்ல அப்பு. போயி, மேனேஜரு என்ன வார்த்தை சொன்னாருன்னு கேட்டுட்டு வா."

இந்த நீலமும் கறுப்பும் இல்லாமல் இருந்திருந்தால் முத்தையா அண்ணன் விஷயத்தில் நான் செய்த காரியம் வெளியே வந்தே இருக்காது.

மழை விட்டிருந்த ஒரு காலையில் முத்தையா அண்ணன் தன் மனைவி வேலுத்தாயோடு வந்தார். போடிமெட்டுக்குக் கீழே, நம் தமிழ்நாட்டுப் பக்கத்துச் சரிவில் ஒரு எஸ்டேட்டில் ஸ்டோர்க்காரர். மலையில் ஸ்டோர் என்றால் கடை இல்லை, ஏலக்காயை உலர்த்தும் கட்டடம். பச்சைக் காயைக் கம்பிவலைத் தட்டுகளில் பரப்பி, அடுக்கடுக்காக ஏற்றி, விறகு உலையின் சூட்டைப் பெரிய காத்தாடியால் உள்ளே ஊதி உலர்த்துவார்கள். சூடு கூடினால் காய் வெடித்து நிறம் போய்விடும். குறைந்தால் ஈரம் நின்று பூசணம் பிடிக்கும். எடுக்க வேண்டிய பக்குவத்தைச் சொல்லும் ஆள்தான் ஸ்டோர்க்காரர். இருபத்திரண்டு வருடமாக முத்தையா அண்ணன் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் வழக்கம்போல், "சொல்லுங்கண்ணே, என்ன விசயம்?" என்று சத்தமாகக் கேட்டேன். வேலுத்தாய் அக்கா கையை நீட்டித் தடுத்தார்.

"சத்தம் போடாதீங்க தம்பி. சத்தம் போட்டா இவருக்கு இன்னும் வெளங்காது. மூஞ்சியப் பாத்து, மெதுவா, ஒவ்வொண்ணாச் சொல்லுங்க."

முத்தையா அண்ணன் சிரித்தார். "அந்தக் காத்தாடி மிசினுக்குப் பக்கத்துலயே நின்னேன் தம்பி. காத அதுக்குக் குடுத்துட்டேன். பாதி காதுதான் எங்கிட்ட இருக்கு."

நடந்தது இது. காய் உலர்ந்ததா என்று பார்க்க எங்கள் மலையில் எல்லாரும் ஒரே மாதிரிதான் செய்வார்கள். ஒரு பிடி அள்ளி, கையை மூடி, காதோரம் வைத்துக் குலுக்குவார்கள். உள்ளே விதை கலகலவென்றால் உலர்ந்தது. ஊமையாக இருந்தால் ஈரம். புதிதாக வந்த மேனேஜர் ஒரு நாள் பின்னாலிருந்து மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறார். முத்தையா அண்ணன் திரும்பவில்லை, காதோரம் கையை வைத்துக் குலுக்கிக்கொண்டே நின்றிருக்கிறார். மேனேஜர் முன்னால் வந்து சொன்னதை நீல மையில் எழுதினேன்: "கேக்காத காதுல வச்சுக் குலுக்கி யார ஏமாத்துற? நாளைக்கு மொதல் வராத. மாசக் கடைசிக்குள்ள லயத்து வீட்டக் காலி பண்ணு."

வேலையும் போயிற்று, எஸ்டேட் கொடுத்திருந்த லயத்து வீடும் போகப்போகிறது. மாதம் முடிய பதினெட்டு நாள் இருந்தது.

நான் கேட்ட முதல் கேள்வி, "கார்டு இருக்காண்ணே?" இல்லை. "காதப் பரிசோதிச்சு நாப்பது சதவீதத்துக்கு மேல வந்தாத்தான் சட்டம் ஒங்களுக்குப் பேசும்" என்றேன். மேடமும் பக்கத்தில்தான் இருந்தார். அவரும் தலையை ஆட்டினார்.

புதன்கிழமை அரசு ஆஸ்பத்திரியில் சான்று கொடுக்கும் முகாம், மதியத்தோடு முடிந்துவிடும். எனக்கு இருந்த உற்சாகத்தில் நானே மேலே போய் அவரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்தேன். அவருக்கு நல்ல சளி. வளைவு வளைவாக இறங்கி அடிவாரத்து முந்தலைத் தாண்டும்போது இரண்டு காதையும் பொத்திக்கொண்டு திணறினார். மலையிலிருந்து இறங்கினால் எங்களுக்கெல்லாம் காது அடைப்பதும், எச்சிலை விழுங்கினால் விடுவதும் சாதாரணம். சளியோடு இறங்கினால் ஒரு நாள், இரண்டு நாள்கூட விடாது.

"கப்புன்னு அடைச்சிருச்சு தம்பி. ஒண்ணுமே கேக்கல. இன்னொரு நாளைக்கு வருவமா?"

"அடைச்சிருந்தா நல்லதுதாண்ணே. பேசாம வாங்க."

இதைச் சொன்னது நான். முகத்தைப் பார்த்து, மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு படித்த பையன் சொல்கிறான் என்று என் பின்னால் வந்துவிட்டார்.

சின்ன அறையில் உட்கார வைத்துக் காதில் ஹெட்போன் மாட்டினார்கள். சத்தம் கேட்டால் விரலைத் தூக்க வேண்டும். கண்ணாடி வழியே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். விரல் தூக்கப்படாத ஒவ்வொரு தடவையும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. நாற்பத்திரண்டு வந்தது! பஸ் ஸ்டாண்டில் ஆளுக்கு இரண்டு பரோட்டா சாப்பிட்டோம். அன்று மாலையே மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு மனு போயிற்று. மனு விசாரணையில் இருக்கும்வரை வீட்டைக் காலி செய்யச் சொல்லக் கூடாது என்று மேடம் எஸ்டேட்டுக்கும் ஒரு கடிதம் அனுப்பினார்.

எஸ்டேட்காரர்கள் மறுபரிசோதனை கேட்டார்கள். சளியெல்லாம் போய், முதல் நாளே இறங்கி மாமனார் வீட்டில் தங்கி, முத்தையா அண்ணன் போனார். முப்பத்தொன்று.

மேனேஜரின் பதில் கடிதம் வந்தது. முதல் சான்று பொய், நாற்பது இல்லாததால் இவர் மாற்றுத்திறனாளியே இல்லை, மனுவைத் தள்ளுபடி செய்ய வேண்டும் என்று எழுதியிருந்தார். மேடம் படித்தார். மெல்லுவதை நிறுத்தினார்.

"எப்படி சார் பதினோரு சதவீதம் கொறஞ்சுச்சு?"

சார்! ஜீப்பு, சளி, அடைப்பு எல்லாவற்றையும் சொன்னேன். நான் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. பேனாவை எடுத்து என் முன்னால் வைத்தார். நீலம்.

"ஒங்க வாயால சொன்னதுதான? எழுதுங்க. சொன்ன வார்த்தை மாறாம."

"இது பைலுக்குப் போனா கேசு போயிரும் மேடம்."

"நாளைக்கு நெசமாவே காது கேக்காத ஒருத்தன் நம்ம மனுவக் கொண்டுக்கிட்டு அந்த ஆபீசுக்குப் போவான். அவன எப்படிப் பாப்பாங்க? எழுதுங்க."

எழுதினேன். என் கையெழுத்துக்குக் கீழே அவரும் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் முத்தையா அண்ணனும் அக்காவும் வந்தார்கள். நான்தான் சொல்ல வேண்டும். "நாப்பது வரலண்ணே. அதனால சட்டத்துல ஒங்களச் சேக்க முடியாது." சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டேன்.

"மூஞ்சியத் தூக்கிச் சொல்லுங்க தம்பி, வெளங்கல."

தூக்கிச் சொன்னேன். அவர் கேட்டார்: "காது கேக்கலன்னு வேலைலயும் வச்சுக்க மாட்டேங்குறாங்ய. காது கேக்குதுன்னு சட்டத்துலயும் சேத்துக்க மாட்டேங்குறீங்க. அப்ப நான் யாரு? அந்தச் சட்டத்துல என்னதான் எழுதிருக்கு? வாசிங்க, நானும் தெரிஞ்சுக்கிறேன்."

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் தமிழ்ப் பிரதி ஒன்று அலமாரியில் இருந்தது. எடுத்தேன். மூன்று வருடத்தில் அதை நான் திறந்ததெல்லாம் அட்டைக்கான பக்கத்துக்காகத்தான். அவருக்காகத் துண்டு துண்டாக, பேச்சுத் தமிழில் மாற்றி, முகத்தைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தேன். ஒவ்வொரு துண்டையும் அவர் உதட்டால் திருப்பிச் சொன்னார்.

"மாற்றுத்திறனாளின்னா, நீண்டகாலமா..."

"நீண்டகாலமா. சரி."

"ஒடம்புலயோ, மனசுலயோ, அறிவுலயோ, புலன்லயோ கொறபாடு உள்ள ஆளு."

"காது புலன்தான?"

"ஆமாண்ணே. அந்தக் கொறபாடு, இருக்குற தடைகளோட சேரும்போது..."

"தடைன்னா?"

விளக்கம் தேடிப் பக்கத்தைப் புரட்டினேன். வேலுத்தாய் அக்கா சொன்னார்: "முதுகுக்குப் பின்னாடி நின்னு கூப்புடுறாரே மேனேஜரு, அதான்."

"ஆமாக்கா! அதேதான்! தடைகளோட சேரும்போது, மத்தவங்களுக்குச் சமமா, முழுசா, காரியத்துல பங்கெடுக்க முடியாமப் பண்ணுச்சுன்னா, அவருதான் மாற்றுத்திறனாளி."

"அப்பறம்?"

"அம்புட்டுத்தாண்ணே. முடிஞ்சிருச்சு."

"நாப்பது எங்க?"

நான் பார்த்தேன். மேலே பார்த்தேன், கீழே பார்த்தேன். அந்த வாக்கியத்தில் எண்ணே இல்லை! நாற்பது அதற்குப் பக்கத்து வரையறையில் தனியாக இருந்தது. அரசு வேலையில் ஒதுக்கீடு போன்ற சலுகைகளுக்கு உரியவர் யார் என்று சொல்லும் இடம் அது. விறுவிறுவென்று புரட்டினேன். பாகுபாடு கூடாது என்று சொல்லும் பிரிவுக்கு வந்தேன். "எந்த மாற்றுத்திறனாளியையும்" என்றுதான் அங்கே இருந்தது. நாற்பது பெற்றவரை என்று இல்லை.

"மேடம்!" நான் போட்ட கூச்சலில் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். மேடம் வாய் நிறையக் கடலையோடு வந்தார். வாசித்தார். மறுபடி வாசித்தார். மெல்லாமல் அப்படியே நின்றார்.

"ஏய் அப்பு... நானும் இத்தன வருசமா நாப்பது நாப்பதுன்னுல்ல சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்."

செல்வி, பிரபு, இதை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். இரண்டு வட்டம் இருக்கிறது. சின்ன வட்டம் சலுகைக்கு. அதற்குச் சதவீதமும் சான்றும் வேண்டும். பெரிய வட்டம் பாதுகாப்புக்கு. குறைபாட்டைக் காட்டி ஒருவரை வேலையில் சேர்க்காமல் விட்டாலோ, வேலையைவிட்டு அனுப்பினாலோ, நாம் கேட்க வேண்டிய கேள்வி இவ்வளவுதான்: குறை நீடித்ததா? தடையோடு சேர்ந்து இவரை மற்றவர்களுக்குக் கீழே இறக்குகிறதா? சின்ன வட்டத்தின் பூட்டை நாங்கள் பெரிய வட்டத்தின் கதவில் மாட்டி வைத்திருந்தோம்.

அன்று சாயங்காலமே வந்து போனவர்களின் நோட்டை எடுத்தோம். "நாற்பது இல்லை, திருப்பி அனுப்பப்பட்டது" என்று என் அழகான கையெழுத்தில் பதினான்கு பேர். மேடமும் நானும் அவருடைய ஸ்கூட்டரில் வீடு வீடாகத் தேடிப் போனோம். வலிப்பு வருகிறதென்று துணிக்கடையிலிருந்து நிறுத்தப்பட்ட ஒரு பெண். மாத்திரை எடுத்துக்கொண்டிருந்ததால் இரண்டு வருடமாக வலிப்பே வரவில்லை, யாரும் சதவீதமும் போடவில்லை. தொழுநோய் முழுக்கக் குணமான ஒரு அண்ணன். கையில் தழும்பைப் பார்த்ததும் ஓட்டலில் வேண்டாம் என்றுவிட்டார்கள். குணமானவர்களைச் சட்டத்தின் அட்டவணையிலேயே பேர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. அதைச் சொன்னதும், "குணமான பெறகுமா?" என்று கேட்டார். "குணமான பெறகுதாண்ணே" என்றேன். பதினான்கில் ஒன்பது பேரைக் கண்டுபிடித்தோம். மற்ற ஐந்து பேர் எங்கே போனார்கள் என்று இன்றுவரை தெரியவில்லை.

விசாரணை தேனியில். ஆணையருக்காக விசாரித்த அலுவலர் அதிகம் பேசாத மனிதர். மேனேஜர் கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் பிறந்து இந்தப் பக்கம் வளர்ந்தவர், பேச்சில் மலையாளம் வந்து வந்து போகும்.

"சாரே, நாப்பது இல்லா. பின்னே எந்தா கேசு? இவரு கள்ளச் சான்று வேற கொண்டு வந்தாரு."

மேடம் என் வாக்குமூலத்தை எடுத்து மேசையில் வைத்தார். அலுவலர் சத்தமாகவே வாசித்தார். "அடைச்சிருந்தா நல்லதுதாண்ணே, பேசாம வாங்க" என்ற இடத்தில் நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"நீங்கதானா?"

"ஆமா சார்."

"படிச்சவரா?"

"எங்க வீட்டுலயே நான்தான் சார் படிச்சவன்."

மேடம் எழுந்து வரையறையை வாசித்தார். முதல் சான்றை நாங்களே வேண்டாம் என்கிறோம், முப்பத்தொன்றை வைத்தே பேசுகிறோம் என்றார். அலுவலர் புத்தகத்தை வாங்கித் தானே வாசித்தார்.

"மனு நிக்கும்" என்றார். "குறை இருக்குன்னு சொல்லித்தான நீங்க அவர அனுப்புனீங்க? அனுப்பும்போது இருந்த குறை, இங்க வந்ததும் இல்லாமப் போயிருமா?"

மேனேஜர் விடவில்லை. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. "உலை பொல்லாதது சாரே. ஓடிவான்னு கூப்ட்டா கேக்க வேண்டாமா? காய் பக்குவம் காதுலல்லே தெரியும்?" அந்த வேலைக்குக் காது கேட்பது உண்மையிலேயே தேவை என்றால், தக்க காரணம் காட்டி மறுக்கச் சட்டமே கொஞ்சம் இடம் கொடுக்கிறது. காட்ட வேண்டியவர் முதலாளி. அலுவலர் பைலை மூடினார். "நேர்ல பாத்துருவோம்."

ஐந்து நாள் கழித்து ஸ்டோரில் நின்றோம். ஒரு ஈடு காய் இறக்கும் தருணம். ஐந்து தட்டுகளை மேனேஜர் பொறுக்கி வைத்தார். உலர்ந்தது எது, உலராதது எது என்று முத்தையா சொல்லட்டும், ஈரம் அளக்கும் மீட்டரில் பார்த்துவிடலாம் என்றார். மேடத்துக்கு வந்ததே கோபம்.

"ஜெயிச்சாத்தான் சட்டம் காப்பாத்துமா சார்? மத்த ஸ்டோர்க்காரங்களுக்கு யாரு பரீட்ச வச்சா? வைக்கிறதுன்னா நீங்களும் சேந்து சொல்லுங்க மேனேஜர் சார்."

"ஓ, சொல்றேனே! எனக்கெந்தா பயம்?"

என்ன பேச்சு என்று முத்தையா அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். சொன்னேன். "நான் செய்றேன் ஆத்தா, வெரசா வைக்கச் சொல்லுங்க" என்றார் மேடத்திடம்.

மேனேஜர் ஒவ்வொரு தட்டாக அள்ளிக் காதோரம் குலுக்கி, அலுவலரின் காதில் சொல்ல, அவர் தாளில் குறித்துக்கொண்டார். பிறகு முத்தையா அண்ணன். முதல் பிடியை அள்ளியதும் பழக்கத்தில் அவர் கையும் காதுக்குப் போயிற்று. பாதியில் நின்றது. எல்லாரும் பார்க்கிறோம் என்று தெரிந்து கையை இறக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். கண்ணை மூடி, மூடிய கையை மெதுவாக அசைத்தார். விதை உருளுவதை உள்ளங்கையில் வாங்குகிறார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது! இத்தனை காலம் அவர் கேட்டதெல்லாம் கையால்தான். காதுக்குக் கொண்டுபோனது மற்றவர்கள் செய்கிறார்கள் என்பதற்காக. அடுத்து ஒரு காயின் காம்பை நகத்தால் சுண்டினார். முறிந்தது. முகர்ந்தார். "ஆச்சு." அடுத்த தட்டு. "ஆகல, இன்னும் ரெண்டு மணி நேரம்." அடுத்தது. எனக்கு உள்ளங்கையெல்லாம் ஈரம்.

மீட்டர் வைத்தார்கள். ஒன்று, சரி. இரண்டு, சரி. மூன்று, சரி. வேலுத்தாய் அக்கா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். நான்கு, சரி. ஐந்து, வாசலோரத்து மூலைத் தட்டு. "ஆச்சு" என்று சொல்லியிருந்தார். மீட்டர் ஈரம் என்றது.

தப்பு.

அக்காவின் பிடி தளர்ந்தது. அலுவலர் தன் கையிலிருந்த தாளைப் புரட்டினார்.

"மேனேஜர் சார், நீங்களும் அந்தத் தட்ட ஆச்சுன்னுதான் சொன்னீங்க. மத்த நாலும் உங்களுக்கும் சரி."

மேனேஜருக்கு முகம் சிவந்துவிட்டது. தன்னைக் குறை சொல்கிறார்கள் என்று நினைத்துப் படபடவென்று பேசினார். "அது மூலத் தட்டு சாரே! வாசக் காத்து பட்டு மேல் காய் மட்டும் காயும், உள்ள ஈரம் நிக்கும். அது எல்லார்க்கும் தப்பும்! எத்தன வருசம் சர்வீஸ் இருந்தாலும் தப்பும்!"

அலுவலர் எழுத ஆரம்பித்தார். "எல்லார்க்கும் தப்பும்" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார். தப்புக்குக் காரணம் காது இல்லை என்று தானே சொல்லிவிட்டது மேனேஜருக்கும் அப்போது புரிந்துவிட்டது. மேடம் திரும்பி நின்று பொட்டலத்தைப் பிரித்தார்.

உலையைப் பற்றி முத்தையா அண்ணனிடமே கேட்டார்கள். "உலை மாறுச்சுன்னா தரையும் செவுரும் அதிர்ந்து சொல்லிரும்யா, எனக்கு அது போதும். ஆள் கூப்புடுறதுக்கு மட்டும் ஒரு பல்பு போடுங்க. வெளிய சுச்சு, உள்ள செவப்பு பல்பு. எரிஞ்சா ஓடியாந்துருவேன்."

"ஒரு பல்பா?" என்றார் அலுவலர்.

"ஒண்ணு எதுக்கு? ரெண்டு போடுறேன்" என்றார் மேனேஜர், யாரையும் பார்க்காமல். எடை போடும் மேசையிலேயே தாளை வைத்து எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். அதே வேலை, அதே ஸ்டோர், அதே லயத்து வீடு. அலுவலர் வாசித்துக் காட்ட, நான் முத்தையா அண்ணனின் முகத்தைப் பார்த்துத் துண்டு துண்டாகத் திருப்பிச் சொன்னேன். "அதே வேலை" என்று சொன்னேன். "அதே வேலை" என்று அவர் உதடு சொன்னது. "இன்னைக்கு மொதலா?" என்று கேட்டார்.

அலுவலர் தலையாட்டினார். அவ்வளவுதான், முத்தையா அண்ணன் எங்களையெல்லாம் விலக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். நாங்கள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றோம். அலுவலரின் ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. மேடம் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

"கதவச் சாத்துங்கய்யா! எம்புட்டு நேரம் தொறந்து போட்டு நிப்பீங்க? சூடு பூராம் போகுது!"

அலுவலர் சட்டென்று காலை வெளியே எடுத்துக்கொண்டார். மேனேஜர் எங்களைப் பின்னால் தள்ளிவிட்டு, அந்தக் கனமான கதவை இரண்டு கையாலும் இழுத்துச் சாத்தினார்.